தட்டணு எண்ணிக்கை சொல்வதும் சொல்லாததும்

இரத்த அணுக்களில் மிகச் சிறியது தட்டணு. பேச்சு வழக்கில் பிளேட்லெட். குறுக்களவு 2 முதல் 3 மைக்ரோமீட்டர். சிவப்பணுவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் தேறும். அதற்கு உட்கரு கிடையாது. கறாராகப் பார்த்தால் அது முழு உயிரணுவே அல்ல; எலும்பு மஜ்ஜையில் இருக்கும் மெகாகேரியோசைட் என்னும் பெருத்த உயிரணுவிலிருந்து பிய்ந்து வரும் துணுக்கு. ஒரு மெகாகேரியோசைட் ஆயிரம் முதல் மூவாயிரம் துணுக்குகளை இரத்தத்தில் உதிர்த்துவிட்டு மடிந்துபோகிறது. 1880களின் தொடக்கத்தில் இத்தாலியின் தூரின் நகரில் ஜூலியோ பிட்சோசெரோ இந்தத் துணுக்குகளைத் தனி வகையாக அடையாளம் கண்டு, காயத்தை அடைப்பவை இவையே என்று காட்டினார். இவை எங்கிருந்து வருகின்றன என்பது 1906இல்தான் தெரிந்தது. பாஸ்டனில் ஜேம்ஸ் ஹோமர் ரைட் தாம் உருவாக்கிய சாயத்தைக் கொண்டு மஜ்ஜையைப் பார்த்துச் சொன்னார். அவர் பெயர் தாங்கிய சாயம் இன்றும் ஆய்வகங்களில் இரத்தப் பூச்சைப் பார்க்கப் பயன்படுகிறது.

நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை தட்டணுக்கள் இருக்கும். தமிழ்நாட்டு ஆய்வகங்கள் பலவும் இதை லட்சக் கணக்கிலேயே எழுதும். துபாயிலோ மஸ்கட்டிலோ இரத்தம் கொடுத்தால் அறிக்கையில் வெறும் 210 என்று அச்சாகி வரும். லிட்டருக்கு எத்தனை பில்லியன் என்பது அங்குள்ள கணக்கு. அதன் பின்னால் மூன்று சுழியைச் சேர்த்தால் மைக்ரோலிட்டர் கணக்கு வந்துவிடும். 210 என்பது 2,10,000. ஊரில் ‘ஒன்றரை லட்சத்துக்குக் கீழே போனால் ஆபத்து’ என்று கேட்டுப் பழகியவர், 210 என்ற எண்ணைப் பார்த்ததும் பதறிப்போவதில் வியப்பில்லை. அங்கே அஞ்சவேண்டிய எண்கள் 20, 10 போன்றவை. இனி வரும் எண்கள் எல்லாம் ஊர்க் கணக்கில் சொல்லப்படுகின்றன.

ஒரு தட்டணுவின் ஆயுள் 7 முதல் 10 நாள். எண்ணிக்கை ஒரே நிலையில் நிற்கவேண்டுமானால் மஜ்ஜை நாள்தோறும் ஏறத்தாழ பத்தாயிரம் கோடித் தட்டணுக்களை உற்பத்தி செய்தாகவேண்டும். எவ்வளவு செய்வது என்று மஜ்ஜைக்குச் சொல்வது திராம்போபொய்டின் என்ற ஹார்மோன். அது கண்டறியப்பட்ட ஆண்டு 1994. கல்லீரல் அதை ஏறக்குறைய ஒரே அளவில் சுரந்துகொண்டிருக்கும். ஓடித் திரியும் தட்டணுக்கள் அதைப் பிடித்து விழுங்கிவிடும். தட்டணு குறைந்தால் விழுங்க ஆள் இல்லை, ஹார்மோன் மிஞ்சுகிறது, மிஞ்சியது மஜ்ஜையை முடுக்குகிறது. கணக்குப்பிள்ளை யாரும் இல்லாமலே வரவும் செலவும் நேராகிவிடும் எளிய ஏற்பாடு இது. உற்பத்தியானவற்றில் மூன்றில் ஒரு பங்கு எந்நேரமும் மண்ணீரலில் தங்கியிருக்கும். ஆகவே அறிக்கையில் காணும் எண், உடலில் உள்ள மொத்தத் தட்டணுக்களின் எண் அல்ல. அந்த நேரத்தில் நாளத்தில் ஓடிக்கொண்டிருந்தவற்றின் எண்.

இரத்த நாளம் எங்காவது கிழிந்தால், உள்சுவருக்கு அடியில் இருக்கும் கொல்லாஜன் வெளியே தெரிகிறது. வான் வில்லெபிராண்ட் காரணி என்ற நீண்ட புரதம் அதில் ஒட்டிக்கொண்டு, விரைந்தோடும் தட்டணுக்களைப் பிடித்து நிறுத்துகிறது. நின்ற தட்டணு வடிவம் மாறுகிறது. வட்டத் தட்டு, முட்கள் நீட்டிய உருண்டையாகிறது. உள்ளே சேமித்து வைத்திருந்த ஏடிபி முதலான பொருள்களைக் கொட்டுகிறது. திராம்பாக்ஸேன் என்ற வேதிப்பொருளைப் புதிதாகச் செய்து பக்கத்தில் போகிறவற்றையும் அழைக்கிறது. மேற்பரப்பில் இருக்கும் ஓர் ஏற்பிப் புரதம் அப்போதுதான் திறந்து ஃபைப்ரினோஜனைப் பற்றும். ஃபைப்ரினோஜனுக்கு இரு பக்கமும் கை உண்டு. ஒரு கை ஒரு தட்டணுவையும் மறு கை இன்னொன்றையும் பிடிக்க, அடைப்பு உருவாகிறது. இந்த வரிசையில் எந்தக் கண்ணி அறுந்தாலும், எண்ணிக்கை சரியாக இருந்தும் இரத்தம் நிற்காது.

நலமாக இருப்பவரிடமும் இந்த எண் அசையாமல் இருப்பதில்லை. பெண்களுக்கு ஆண்களைவிடச் சற்றுக் கூடுதல். வயது ஏற ஏற மெல்லக் குறையும். கடும் உடற்பயிற்சி முடிந்த கையோடு எடுத்தால் மண்ணீரல் விடுவித்தவையும் சேர்ந்து கூடிக் காணும். ஓய்வெடுத்ததும் பழைய இடத்துக்கு வந்துவிடும். கர்ப்ப காலத்தில் பிளாஸ்மா பெருகுவதால் நீர்த்துப்போய் எண்ணிக்கை பத்து சதவீதம்வரை இறங்கும். கடைசி மாதங்களில் ஒரு லட்சத்து இருபதாயிரம், முப்பதாயிரம் என்று காண்பது பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் தானே சரியாகிவிடும் நிலை. ஆனால் இரத்த அழுத்தமும் சேர்ந்து ஏறியிருந்தால் அது வேறு கதை, உடனே கவனிக்கவேண்டியது. ஒருவருடைய எண்ணிக்கை நாலைந்து ஆண்டுகள் ஒரே வட்டத்தில் சுற்றிவருவது வழக்கம். அதனால் பொது வரம்பைவிட அவருடைய பழைய அறிக்கைகள்தான் மருத்துவருக்கு அதிகம் பேசும். நாடு மாறிப் போகிறவர்கள் பாஸ்போர்ட்டோடு பழைய இரத்த அறிக்கைகளையும் எடுத்துவைப்பது வீண் சுமையல்ல.

குறைவு என்று வரும் அறிக்கைகளில் சில பொய். இரத்தம் உறையாமலிருக்க ஊதா மூடிக் குழாயில் ஈடிடிஏ என்ற உப்பு இருக்கும். ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவில் சிலருடைய இரத்தத்தில் அந்த உப்பு பட்டதும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. கருவி ஒரு திரளை எண்ணுவதில்லை, அல்லது வெள்ளையணு என்று எண்ணிவிடுகிறது. உடலில் இரண்டு லட்சம் இருக்க, அறிக்கையில் முப்பதாயிரம். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டைப் பூசி நுண்ணோக்கியில் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். சிட்ரேட் உள்ள நீல மூடிக் குழாயில் மறுபடி எடுத்தாலும் பெரும்பாலும் சரியான எண் வரும். இந்தச் சிறு வேலையைச் செய்யாமல் ஸ்டீராய்டு மாத்திரை எழுதப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் உண்டு.

இரண்டாவது ஏமாற்று, அளவில் பெரிய தட்டணுக்கள். கருவி அளவைக் கொண்டே இனம் பிரிக்கிறது. பெருத்த தட்டணுவை அது சிவப்பணுக் கணக்கில் தள்ளிவிடும். இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு மேற்கு வங்கத்திலிருந்து நோயாளிகள் திரளாக வருவார்கள். உடன் வரும் உறவினர்கள் இரத்த தானம் செய்வார்கள். அந்தக் கொடையாளர்களையும் தென்னிந்தியக் கொடையாளர்களையும் ஒப்பிட்டு 2002இல் வெளியான ஆய்வு, வங்கத்தவர்களில் மூன்றில் ஒருவர் அளவுக்குத் தட்டணு குறைந்தும் பெருத்தும் இருப்பதைக் காட்டியது. இரத்தப் போக்கு இல்லை, வேறு எந்தத் தொல்லையும் இல்லை. பின்னாளில் இதற்கு ஹாரிஸ் தட்டணு நிலை என்று பெயர் வைத்தார்கள். நோய் என்று சொல்லாமல் நிலை என்று சொல்வதே பொருந்தும். வளைகுடா நாடுகளில் வேலை செய்வோரில் வங்கதேசத்தவர்களும் கிழக்கிந்தியர்களும் பெருங்கூட்டம். அவர்களில் ஒருவருடைய சோதனையில் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் என்று வந்தால், பூச்சில் பெருந்தட்டணுக்கள் தெரிகின்றனவா என்று பார்ப்பது, மஜ்ஜையில் ஊசி போடுவதற்கு முன் செய்யவேண்டிய காரியம்.

உண்மையான குறைவுக்கு மூன்றே வழிகள்: உற்பத்தி குன்றுவது, உற்பத்தியானவை வேகமாக அழிவது, மண்ணீரலில் அளவுக்கு மீறி அடைபடுவது. ஒன்றரை லட்சத்துக்குக் கீழே எல்லாமே குறைவுதான் என்றாலும், ஐம்பதாயிரம்வரை பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரியாது. அதற்குக் கீழே அறுவை சிகிச்சையும் பல் பிடுங்குவதும் சிக்கலாகும். இருபதாயிரத்துக்குக் கீழே காலில் குண்டூசித் தலையளவு சிவப்புப் புள்ளிகள், ஈறில் கசிவு, மூக்கில் இரத்தம், நிற்காத மாதவிடாய். பத்தாயிரத்துக்குக் கீழே மூளையில் கசியும் அச்சம்.

வளைகுடாத் தமிழர்களுக்குத் தட்டணு என்ற சொல் அறிமுகமானது பெரும்பாலும் டெங்குவால்தான். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஊருக்கு விடுப்பில் வந்து திரும்புகிறவருக்கு, கொசு கடித்து நாலு முதல் பத்து நாள் கழித்து ஷார்ஜாவிலோ தோஹாவிலோ காய்ச்சல் கிளம்பும். ஆனால் டெங்கு ஊரிலிருந்து மட்டுமே வருவது என்ற நினைப்பு பழையது. செங்கடல் கரையிலுள்ள ஜித்தாவில் 1994இல் வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது முதல் அங்கும் மக்காவிலும் அது நிலைகொண்டிருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2024 ஏப்ரல் 16 அன்று கொட்டிய மழை, 1949இல் பதிவேடு தொடங்கியதிலிருந்து காணாத ஒன்று. அல் ஐன் பகுதியின் கத்ம் அல் ஷக்லாவில் ஒரு நாளுக்குள் 254 மில்லிமீட்டர். வடிகால் இல்லாத தெருக்களில் தேங்கிய நீர் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டிலானது. தொடர்ந்து டெங்கு எச்சரிக்கையும் கொசு ஒழிப்பு நடவடிக்கையும் வந்தன.

டெங்கு தட்டணுவைப் பல முனைகளில் தாக்குகிறது. வைரஸ் மஜ்ஜையில் உற்பத்தியைச் சில நாள் முடக்குகிறது. வைரஸை எதிர்க்க உண்டான எதிர்ப்பொருள்களில் சில தட்டணுக்கள் மேலும் ஒட்டி அவற்றை அழிவுக்கு அனுப்புகின்றன. வீங்கிய நாளச் சுவரில் ஒட்டிக்கொண்டு வீணாவது மிச்சம். மூன்றாம் நாள் முதல் எண்ணிக்கை சரியத் தொடங்கி, காய்ச்சல் விடும் நாளை ஒட்டி அடிமட்டத்தைத் தொடும். பிறகு இரண்டு மூன்று நாளில் தானே விறுவிறுவென ஏறும். குடும்பங்கள் காலையும் மாலையும் இந்த எண்ணை எதிர்பார்த்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பிக்கொண்டிருக்க, உயிரை எடுப்பது பெரும்பாலும் வேறொன்று. நாளச் சுவர் ஒழுகி, இரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றிலும் மார்புக்கூட்டிலும் சேர்ந்து, இரத்த அழுத்தம் விழுவதுதான் அது. அறிக்கையில் அதைக் காட்டும் எண் ஹிமாடோகிரிட்; தட்டணு இறங்கும்போது அது ஏறினால் கவனம் வேண்டும். அடங்காத வயிற்றுவலி, தொடர் வாந்தி, சோர்ந்து விழுவது ஆகியவை எந்த எண்ணையும்விட அவசரமான அறிகுறிகள்.

இரத்தப் போக்கு இல்லாதவருக்கு எண்ணிக்கை குறைந்ததற்காக மட்டும் தட்டணு ஏற்றுவதால் பயன் உண்டா என்பதைச் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 372 நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2017இல் லான்செட் இதழில் வந்தது: இரத்தப் போக்கு குறையவில்லை, ஒவ்வாமை போன்ற பக்கவிளைவுகள்தான் கூடின. பப்பாளி இலைச்சாறு பற்றிய சிறு ஆய்வுகள் சில, எண்ணிக்கை கொஞ்சம் முன்னதாக ஏறுவதாகச் சொல்கின்றன. உயிர் காப்பதாகக் காட்டியவை இல்லை. எப்படியும் ஏறப்போகும் எண்ணிக்கைக்கு, நடுவில் குடித்த எது வேண்டுமானாலும் பெயர் வாங்கிக்கொள்ளும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரினும் ஐபுபுரோஃபெனும் மிச்சமிருக்கும் தட்டணுக்களின் வேலையையும் கெடுத்துவிடும்.

காய்ச்சலோடு தட்டணுவைக் குறைக்கும் நோய்கள் வளைகுடாவில் இன்னும் உண்டு. மலேரியா அற்ற நாடு என்று ஐக்கிய அரபு அமீரகத்துக்கு 2007இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இப்போது அங்கே காணும் மலேரியா எல்லாம் பயணத்தில் வந்தது. இந்தியாவிலிருந்தோ ஆப்பிரிக்காவிலிருந்தோ வந்தவருக்குக் காய்ச்சலும் தட்டணுக் குறைவும் சேர்ந்திருந்தால் இரத்தப் பூச்சில் ஒட்டுண்ணியையும் தேடவேண்டும். கிரிமியன் காங்கோ இரத்தக் கசிவுக் காய்ச்சல் இதைவிடக் கொடியது. உண்ணி கடித்தோ, நோயுற்ற ஆடு மாடுகளின் இரத்தம் பட்டோ வரும். துபாயில் 1979இல் ஒரு நோயாளியிடமிருந்து மருத்துவமனை ஊழியர்களுக்குத் தொற்றி உயிர்ச்சேதம் நேர்ந்தது. 1994, 1995 ஆண்டுகளில் மீண்டும் அமீரகத்தில் பரவியபோது கால்நடைச் சந்தையிலும் அறுப்புக்கூடத்திலும் வேலை செய்தவர்களே அதிகம் சிக்கினார்கள். ஓமனில் பக்ரீத் நாட்களை ஒட்டி நோயாளிகள் கூடுவது பதிவாகியிருக்கிறது. இந்த நோயில் தட்டணுவோடு கல்லீரலும் கெட்டு உறைபுரதங்களும் குறைவதால் கசிவு கட்டுக்கடங்காது.

சவூதி அரேபியாவின் அல்குர்மா வைரஸுக்கு நம் நாட்டில் நெருங்கிய உறவு இருக்கிறது. 1990களின் நடுவில் ஜித்தாவில் முதலில் பிரித்தெடுக்கப்பட்ட அதன் மரபு வரிசையைப் பார்த்தபோது, 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா காடுகளில் குரங்குகள் செத்து விழுந்தபோது கண்டறியப்பட்ட கியாசனூர் வனக் காய்ச்சல் வைரஸின் ஒன்றுவிட்ட சகோதரன் போல இருந்தது. அங்கே ஒட்டகமும் ஆடும், இங்கே குரங்கு, இரண்டிலும் உண்ணி. இரண்டிலும் வெள்ளையணுவும் தட்டணுவும் சேர்ந்தே சரியும். அரபிக்கடலின் இரு கரைகளிலும் இந்த இணை எப்படி வந்தது என்பது வைரஸ் ஆய்வாளர்களை இன்றும் இழுக்கும் கேள்வி.

தொற்றே இல்லாமல் வெயிலும் தட்டணுவைக் குறைக்கும். உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி மூளை தடுமாறும் வெப்பவாதத்தில் நாளங்களின் உள்சுவர் வெந்தது போலாகி, உடல் முழுவதும் நுண்ணுறைவுகள் தோன்றுகின்றன. தட்டணுவும் உறைபுரதங்களும் அதில் செலவழிந்துபோக, உறைவும் கசிவும் ஒரே உடலில் ஒரே நேரத்தில் நடக்கும். வெப்பம் மெகாகேரியோசைட்டுகளையும் தாக்குவதால் சரிவு ஓரிரு நாள் கழித்தும் தொடரலாம். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30இலிருந்து 3 மணிவரை வெட்டவெளி வேலைக்குத் தடை இருப்பதன் பின்னால் இந்த உடலியலும் இருக்கிறது. வெப்பவாதத்தில் தட்டணுவை ஏற்றுவதைவிட முதலில் உடலைக் குளிரவைப்பதே சிகிச்சை.

உடலின் காவல் அமைப்பே தட்டணுவை அந்நியன் என்று தவறாக எண்ணித் தாக்குவது ஐடிபி எனப்படும் நோய். இது நிரூபிக்கப்பட்ட விதம் மருத்துவ வரலாற்றில் துணிச்சலானது, அசட்டுத் துணிச்சல் என்றும் சொல்லலாம். 1950இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வில்லியம் ஹாரிங்டன் என்ற இளம் மருத்துவர், இந்நோய் கொண்ட பெண்ணின் இரத்தத்தைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய தட்டணுக்கள் அடியோடு மறைந்தன, வலிப்பும் வந்தது. சில நாளில் மீண்டார். இரத்தத்தின் நீர்ப்பகுதியில் இருக்கும் ஏதோ ஒன்றுதான் அழிக்கிறது என்பது அதோடு உறுதியானது. அது எதிர்ப்பொருள் என்று பின்னர் தெரிந்தது. குழந்தைகளுக்கு வைரஸ் காய்ச்சலுக்குப் பின் திடீரென்று வந்து, பெரும்பாலும் சில வாரங்களில் போய்விடும். பெரியவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். எல்லோருக்கும் மருந்து தேவையில்லை. முப்பதாயிரத்துக்கு மேல் இருந்து கசிவும் இல்லாவிட்டால் பார்த்துக்கொண்டிருப்பதே பல வேளைகளில் சரியான முடிவு. தேவைப்பட்டால் ஸ்டீராய்டு, நரம்பு வழி இம்யூனோகுளோபுலின், மஜ்ஜையை முடுக்கும் எல்ட்ரோம்போபேக் போன்ற மாத்திரைகள், எதற்கும் அடங்காதபோது மண்ணீரலை அகற்றுவது.

இதற்கு நேர்மாறான எச்சரிக்கை டிடிபி என்ற அரிய நோயில் வேண்டும். வான் வில்லெபிராண்ட் காரணியின் நீண்ட இழைகளை வெட்டிச் சிறிதாக்கும் நொதி அதில் இல்லாமல் போவதால், இழைகளில் தட்டணுக்கள் சிக்கி மூளையிலும் சிறுநீரகத்திலும் நுண்ணடைப்புகள் உண்டாகின்றன. எண்ணிக்கை பத்தாயிரமாக இருக்கும். ஆனாலும் தட்டணு ஏற்றுவது எரியும் நெருப்பில் எண்ணெய் வார்ப்பதாகலாம். பிளாஸ்மாவையே மாற்றவேண்டும், அதுவும் தாமதமின்றி.

உற்பத்திக் குறைவில் எளிதில் தீர்வது வைட்டமின் பி12 பற்றாக்குறை. முட்டை, பால்கூட அதிகம் சேர்க்காத சைவ உணவுக்காரர்களிடம் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றும் ஒன்றாகக் குறைந்து, பார்ப்பதற்கு இரத்தப் புற்றுநோய் போலவே தோன்றும். சில ஊசிகளில் சரியாகிவிடும். கடினமானவை அப்ளாஸ்டிக் சோகையும் லுகீமியாவும். ஒன்றில் மஜ்ஜை வறண்ட கிணறாகிறது. மற்றொன்றில் புற்றணுக்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டு மெகாகேரியோசைட்டுகளை விரட்டிவிடுகின்றன. ஈறில் இரத்தம் என்று பல் மருத்துவரிடம் போனவருக்கு லுகீமியா தெரியவருவது இப்படித்தான்.

மூன்றாவது வழியான மண்ணீரல், வளைகுடாவில் தனி அத்தியாயம். தலசீமியாவும் அரிவாள் அணுச் சோகையும் அரேபியத் தீபகற்பத்தில் பரவலாக உள்ள பரம்பரை நோய்கள். மலேரியா ஒரு காலத்தில் அந்தக் கரைகளில் ஆண்டதன் எச்சம். தலசீமியாவில் குறையுள்ள சிவப்பணுக்களை வடிகட்டி வடிகட்டி மண்ணீரல் வீங்கும். வீங்கிய மண்ணீரல் தட்டணுக்களில் தொண்ணூறு சதவீதம்வரை அடைத்துவைத்துக்கொள்ளும். உற்பத்தியிலும் குறையில்லை, அழிவும் பெரிதாக இல்லை. ஆனால் அறிக்கையில் அறுபதாயிரம். அந்த மண்ணீரலை அறுத்து எடுத்தால் கதை தலைகீழாகும்: சில நாளில் எண்ணிக்கை ஆறு, எட்டு லட்சத்துக்கு ஏறி, இப்போது நாளங்களில் உறைவு ஏற்படும் அச்சம் வரும்.

அரிவாள் அணு நோயில் பொதுவாக மண்ணீரல் சிறு வயதிலேயே அடைபட்டுச் சுருங்கிவிடும். அதனால் தட்டணு சற்று உயர்ந்தே இருக்கும். சவூதி அரேபியாவின் கிழக்குப் பகுதியான கத்தீஃப், அல் அஹ்ஸா ஆகிய இடங்களில் அப்படியல்ல. அங்கே நிலவும் மரபு வகை அரபு இந்திய வகை எனப்படுகிறது. கருவில் இருக்கும்போது உருவாகும் ஹீமோகுளோபின் பெரியவர்களிடமும் கணிசமாக மிஞ்சுவதால் நோய் மென்மையாக இருக்கிறது, மண்ணீரலும் நெடுங்காலம் பெருத்தே இருக்கிறது. பெயரில் இந்தியா வருவது சும்மா அல்ல. இந்தியாவில் அரிவாள் அணு முதன்முதலில் அறியப்பட்டது 1952இல், நீலகிரிப் பழங்குடிகளிடம். லேமன், கட்புஷ் என்ற இருவர் கண்டனர். நீலகிரியிலும் அல் அஹ்ஸாவிலும் உள்ளவர்களின் மரபணுவில் அதே பிழை அதே சூழலில் அமைந்திருக்கிறது. எனவே அரிவாள் நோயாளியின் தட்டணு எண்ணைப் படிக்குமுன், அவர் எந்த ஊர்க்காரர், மண்ணீரல் இன்னும் இருக்கிறதா என்று கேட்கவேண்டியிருக்கிறது. ஒரே நாளில் எண்ணிக்கை பாதியாகி வயிறு வீங்கினால், மண்ணீரல் இரத்தத்தைத் தேக்கிக்கொள்கிறது என்று பொருள். அது அவசர நிலை.

நாலரை லட்சத்துக்கு மேல் ஏறுவதற்குக் காரணம் பெரும்பாலும் தட்டணுவிடம் இல்லை. இரும்புச்சத்துக் குறைவு, தொற்று, மூட்டழற்சி, அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய நாட்கள் என்று வேறெங்கோ இருக்கும். மாதவிடாயில் அதிகம் இழக்கும் பெண்ணுக்கு ஐந்தரை லட்சம் என்று வந்தால் முதலில் இரும்பு அளவைப் பார்ப்பதுதான் முறை. இவை எல்லாம் நீங்கியும் மாதக்கணக்கில் எண்ணிக்கை இறங்காவிட்டால் மஜ்ஜையின் மெகாகேரியோசைட் மரபே கட்டவிழ்ந்திருக்கலாம். இந்த நோயில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் ஜாக்2 என்ற மரபணுவில் ஒரே மாற்றம் இருப்பது 2005இல் தெரிந்தது. மீதியில் பலரிடம் இருக்கும் கால்ரெட்டிகுலின் மாற்றம் 2013இல். கால் விரல்கள் சிவந்து எரிவது, தலைவலி, உறைவு ஆகியவை அதன் தொல்லைகள். வினோதம் என்னவென்றால், பத்து லட்சத்தைத் தாண்டியபின் கசிவும் வரலாம். திரண்ட தட்டணுக்கூட்டம் வான் வில்லெபிராண்ட் காரணியைப் பிடித்துத் தீர்த்துவிடுவதுதான் காரணம்.

எண் சரியாக இருந்தும் வேலை கெட்டவை தனி இனம். 1918இல் சுவிட்சர்லாந்தின் குழந்தை மருத்துவர் எட்வார்ட் கிளான்ஸ்மன் விவரித்த நோயில் தட்டணு இரண்டரை லட்சம் இருக்கும், உருவமும் சரியாக இருக்கும். ஆனால் ஃபைப்ரினோஜனைப் பற்றும் ஏற்பி இருக்காது. ஒன்றோடொன்று கைகோக்க முடியாத தட்டணுக்கள். விழுந்த பால்பல்லின் குழியிலிருந்து மணிக்கணக்கில் இரத்தம் வரும். பெண் குழந்தை பருவமடையும்போது முதல் மாதவிடாயே மருத்துவமனையில் முடியும். 1948இல் பிரான்சில் பெர்னார், சூலியே என்ற இருவர் விவரித்த நோயில் இல்லாதது வேறு ஏற்பி, வான் வில்லெபிராண்ட் காரணியைப் பிடிப்பது. அதில் தட்டணுக்கள் பெருத்தும் குறைந்தும் இருப்பதால் ஐடிபி என்று தவறாக ஸ்டீராய்டு கொடுத்துக்கொண்டிருப்பதும் நடக்கும்.

இவ்விரண்டும் தாய் தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால் மட்டுமே தோன்றும். உலகில் மிக அரிதான இவை அரபு நாடுகளிலும் தென்னிந்தியாவிலும் அவ்வளவு அரிதல்ல. அங்கே சிற்றப்பா, பெரியப்பா பிள்ளைகளுக்குள் திருமணம். இங்கே தாய்மாமனும் அத்தை மகனும். முறை வேறு, மரபணு ஆபத்து ஒரே வகைதான். அமீரகத்தில் திருமணத்துக்கு முன் தலசீமியா, அரிவாள் அணு முதலியவற்றுக்குச் சோதனை கட்டாயமாக இருந்துவந்தது. 2025 ஜனவரியிலிருந்து அந்நாட்டுக் குடிமக்களின் திருமணங்களுக்கு மரபணுச் சோதனையும் கட்டாயமாகியிருக்கிறது. 570 மரபணுக்கள், 840க்கும் மேற்பட்ட நிலைகள். தமிழ்நாட்டில் ஜாதகம் பார்க்கும் வீடுகளில் இந்தப் பேச்சு இன்னும் திண்ணைக்கு வரவில்லை.

தட்டணுவின் வேலையைக் கெடுப்பதே சிலருக்கு மருந்து. வளைகுடாவின் ஆறு நாடுகளில் 2006, 2007இல் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாரடைப்பு மற்றும் நெஞ்சுவலி நோயாளிகளைப் பதிவு செய்தபோது சராசரி வயது 56 என்று தெரிந்தது. மேலை நாடுகளைவிடப் பத்தாண்டு இளமை. அவர்களில் தெற்காசியத் தொழிலாளர்கள் கணிசம். கொழுப்புப் படிவம் வெடிக்கும் இடத்தைத் தட்டணுக்கள் காயம் என்றே எண்ணி அடைக்கின்றன. காயத்தில் உயிர் காக்கும் அதே செயல் இதய நாளத்தில் உயிர் எடுக்கிறது. சர்க்கரை நோயாளிகளின் தட்டணுக்கள் சாதாரணமாகவே எளிதில் சினம் கொள்பவை. ஆஸ்பிரின் திராம்பாக்ஸேன் உற்பத்தியை முடக்குகிறது. உட்கரு இல்லாத தட்டணு புதிய நொதியைச் செய்துகொள்ள முடியாததால் அந்த முடக்கம் அதன் ஆயுள் முழுவதும் நீடிக்கும். ஒரு மாத்திரையின் விளைவு முற்றிலும் மறைய ஒரு வாரத்துக்கு மேல் ஆவது அதனால்தான். அறிக்கையில் எண் மாறாது. இரண்டு லட்சம் இரண்டு லட்சமாகவே இருக்கும்.

தட்டணுவைச் சேமிப்பதும் மற்ற இரத்தப் பகுதிகளைப் போல எளிதல்ல. சிவப்பணுவைக் குளிர்பெட்டியில் ஆறு வாரம் வைக்கலாம். தட்டணுவைக் குளிரவைத்தால் அதன் உருவம் மாறி, ஏற்றியதும் உடல் அதை விரைவில் நீக்கிவிடும். ஆகவே 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில், ஆடும் தட்டில் வைத்து இடைவிடாமல் அசைத்துக்கொண்டே இருக்கவேண்டும். அப்படியும் பொதுவாக ஐந்து நாள்தான். அந்த வெப்பத்தில் பாக்டீரியாவும் வளரும் என்பது இரத்த வங்கிகளின் தீராத கவலை. ஒருவர் தரும் சாதாரண இரத்தத்திலிருந்து கிடைப்பது போதாது. நாலைந்து பேருடையதைச் சேர்த்தால்தான் பெரியவர் ஒருவருக்கு ஒரு வேளை. அல்லது கருவி வழியாக ஒரே கொடையாளரிடமிருந்து தட்டணுவை மட்டும் பிரித்து, மீதியை அவருக்கே திருப்பிக் கொடுக்கலாம். ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். கிளான்ஸ்மன் நோயாளிகளுக்கு இந்த ஒற்றைக் கொடையாளர் முறையே மேல். பலருடைய தட்டணுக்கள் ஏறினால் உடல் தன்னிடம் இல்லாத அந்த ஏற்பியை எதிர்த்து எதிர்ப்பொருள் செய்துகொள்ளும், பிறகு ஏற்றுவது எதுவும் நிலைக்காது. அவர்களுக்காக உறைவைத் தூண்டும் ஏழாம் காரணி என்ற மருந்து கையிருப்பில் வைக்கப்படுகிறது.

ரமலான் நோன்பு நாட்களிலும் கோடை விடுமுறையிலும் கொடையாளர் வரத்து குறையும். ஐந்து நாள் ஆயுள் கொண்ட ஒன்றை முன்கூட்டிச் சேர்த்து வைக்கவும் வழியில்லை. லுகீமியா சிகிச்சையில் இருப்பவருக்கோ பத்தாயிரத்துக்குக் கீழே போனால் கசிவு இல்லாவிட்டாலும் ஏற்றியாகவேண்டும். கொடுத்தவருக்கு இழப்பு சில நாள்தான்: மிஞ்சிய திராம்போபொய்டின் மஜ்ஜையை முடுக்க, ஒரு வாரத்துக்குள் அவருடைய எண் பழைய இடத்தில் வந்து நிற்கும்.